கல்லும் ஓலையும் இரண்டு தட்டுகளும் – இரட்டைப் படியின் கதை

திருவாரூர் மாவட்டத்தில் கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் திருவிடைவாய் என்று ஒரு சிற்றூர். திருஞானசம்பந்தர் அந்த ஊர்ச் சிவன் மேல் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். ஆனால் தேவார ஏடுகளில் அது இல்லை. அப்படி ஒரு பதிகம் உண்டு என்பதே நெடுங்காலம் தமிழ்நாட்டுக்கு மறந்து போயிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டு ஆய்வாளர்கள் அந்தக் கோயில் சுவரைப் படித்தபோது, பதிகம் கல்லில் வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது.

ஓலையில் இருந்த படி போய்விட்டது. கல்லில் இருந்த படி பாட்டைக் காப்பாற்றியது. யாரோ ஒருவர் "ஒரு படி போதாது, இன்னொன்றும் இருக்கட்டும்" என்று நினைத்ததன் பலன் அது.

சரி, இதற்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? கணினியில் "மிரரிங்" என்று ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே நொடியில் மற்றொன்றிலும் எழுதப்படும்படி செய்வது. ஒரு தட்டு செத்தால் மற்றது வேலையைத் தொடரும். இதை "ரெய்டு 1" என்றும் சொல்வார்கள். இன்று இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. இலவச மென்பொருள் ஒன்றே போதும். ஆனால் இந்த ஏற்பாடு எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதைக் காவிரிக்கரை ஆயிரம் வருடமாகப் பட்டு அறிந்திருக்கிறது.

ஒரே படி இருந்தால்

மூவர் பாடிய தேவாரம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஒரு மரபுக் கதை உண்டு. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக்குப் போகிறார்கள். பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறார்கள். ஏடுகள் மேல் கரையான் புற்று வளர்ந்திருக்கிறது. புற்றைக் கரைத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி மண்ணாகிவிட்டது. மிஞ்சியது சுமார் 800 பதிகங்கள். மூவர் பாடியவை இதைவிடப் பல மடங்கு என்று மரபு சொல்கிறது.

இதை வரலாறாக எடுத்துக்கொள்வதா, கதையாக எடுத்துக்கொள்வதா என்பது வேறு விஷயம். கதைக்குள் இருக்கும் எச்சரிக்கை மட்டும் நிஜம். பூட்டு இருந்தது, காவல் இருந்தது, புனிதமும் இருந்தது. இரண்டாவது படி இல்லை.

அதன் பிறகு நடந்தது கவனிக்க வேண்டியது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்குக் கொட்டு வாசிக்க 2 பேரையும் ராஜராஜன் நியமித்தான். இதை அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. ஏட்டில் ஒரு படி, 48 பேர் தொண்டையில் ஒரு படி. கரையான் தொண்டையை அரிக்காது.

சோழ நாட்டுப் பதிவு முறை

பாட்டுக்கு மட்டுமல்ல, நிலத்துக்கும் இதே முறைதான். சோழ அரசன் ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கிறான் என்றால், வாய்ச்சொல்லோடு வேலை முடியாது. திருமந்திர ஓலை எழுதுபவர் ஆணையை ஓலையில் எழுதுவார். திருமந்திர ஓலைநாயகம் அதைச் சரிபார்ப்பார். புரவுவரித் திணைக்களத்தார் அதை வரிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஊருக்கு ஓலை போகும். பல சமயம் செப்பேட்டிலோ கோயில் சுவரிலோ வெட்டுவார்கள்.

ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தத் தானத்தைச் செப்பேட்டில் நிலைப்படுத்தியவன் அவன் மகன் ராஜேந்திரன். வடமொழியும் தமிழுமாக 21 ஏடுகள். பிற்காலத்தில் அவை கடல் கடந்து நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போயின. அதனால் லைடன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. விகாரம் இன்று இல்லை. அந்த ஆணையை எழுதிய ஓலையும் இல்லை. ஆனைமங்கலத்தின் எல்லைகள் எவை என்பது மட்டும் தெரிகிறது, செம்பு இருப்பதால்.

பொருள் மாறியதுதான் இதில் முக்கியம். ஓலைக்குக் கரையான் எமன், செம்புக்கு உருக்கும் உலை எமன், கல்லுக்குக் கோயிலை இடித்துக் கட்டுபவன் எமன். மூன்றும் ஒரே நாளில் ஒரே காரணத்தால் அழிவது அரிது.

பழங்கல் படி

கோயிலை இடித்துக் கட்டினால் சுவரில் உள்ள எழுத்து என்ன ஆகும்? இந்தக் கேள்வி 10-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி, காவிரி நாட்டில் பல கோயில்களைக் கற்றளியாகப் புதுப்பித்தவர். தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்கோடிகாவலும் அவற்றில் ஒன்று. அங்கே பழைய கற்களில் இருந்த பல்லவர் காலத்துச் சாசனங்களைத் தூக்கி எறிந்துவிடவில்லை. புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார்கள். "இது பழங்கல் படி" என்று குறிப்பும் போட்டார்கள். மூலம் எது, நகல் எது என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

கணினியில் ஒரு தட்டு செத்து, புதுத் தட்டைப் பொருத்தி, நல்ல தட்டிலிருந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றுவதை "ரீபில்ட்" என்கிறார்கள். செம்பியன் மாதேவி செய்ததும் ரீபில்ட்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் இதே காவிரியில் உண்டு. ஏடு நைந்து போனால் புதிதாகப் படியெடுத்துக்கொண்டு பழையதை ஆற்றில் விடுவது வழக்கம். காலப்போக்கில் படியெடுப்பது நின்றுவிட்டது, ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை. ஆடிப் பதினெட்டுப் பெருக்கில் மிதந்து போன சுவடிகள் எத்தனையோ. சடங்கின் முதல் பாதியை மறந்து இரண்டாம் பாதியை மட்டும் பக்தியோடு செய்தார்கள்.

தட்டுகளின் காலம்

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. ராமாக் என்று பெயர். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். மொத்தமாகச் சேர்த்தும் ஏறத்தாழ 5 மெகாபைட்தான் பிடிக்கும். இன்று ஒரு பாட்டுக் கோப்புக்கே அது போதாமல் போகலாம்.

தட்டு சுழலும் எந்திரம். சுழலும் எந்திரம் எதுவும் ஒருநாள் நிற்கும். 1970-களில் வங்கிகள் கணினிக்கு வந்தபோது இது பெரிய பிரச்சினை ஆயிற்று. கணக்குப் புத்தகம் தொலைந்தால் வங்கியே தொலைந்தது மாதிரி. 1974-இல் தொடங்கிய டான்டெம் என்ற அமெரிக்க நிறுவனம், நிற்காமல் ஓடும் கணினி செய்வதையே தொழிலாகக் கொண்டது. 1976-இல் வந்த அவர்களுடைய நான்ஸ்டாப் கணினியில் எல்லாமே இரண்டிரண்டு. பிராசசர், மின்சாரம் தரும் பகுதி, தட்டுகள் என்று எதுவும் ஒற்றையாக இல்லை. ஒரு தட்டில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும். விலை மட்டும் சாமானியருக்கு எட்டாது.

பெர்க்லியின் கணக்கு

1987-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மறு ஆண்டு அது ஒரு மாநாட்டில் வெளியானது. பெரிய கணினிகளுக்கு ஐ.பி.எம். விற்ற ஒரு தட்டின் கொள்ளளவு 7,500 மெகாபைட். பர்சனல் கம்ப்யூட்டருக்கான சின்னத் தட்டுக்கு 100 மெகாபைட். விலையுயர்ந்த ஒரு தட்டுக்குப் பதிலாக மலிவான பல தட்டுகளைச் சேர்த்தால் என்ன என்று கேட்டார்கள்.

பதிலில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சின்னத் தட்டின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். 100 தட்டுகளைச் சேர்த்தால் அவற்றில் ஏதாவது ஒன்று சாகும்வரை உள்ள சராசரி நேரம் 300 மணிதான். இரண்டு வாரம்கூட இல்லை. ஆகவே உபரியாக எதையாவது வைத்தே ஆக வேண்டும். அந்த உபரியை வைக்கும் முறைகளை 1 முதல் 5 வரை எண்ணிட்டு வகைப்படுத்தினார்கள். மொத்தத்துக்கும் "ரெய்டு" என்று பெயர். முதல் எண் மிரரிங்குக்கு. மற்ற முறைகள் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் கணக்குப் போட்டுத்தான் தொலைந்ததை மீட்க முடியும். மிரரிங்கில் கணக்கே இல்லை. அப்படியே இன்னொரு படி, அவ்வளவுதான். அதனால் பாதி இடம் வீண் போல் தோன்றும். ஓலையில் இருப்பதைக் கல்லிலும் வெட்டியவனைப் பார்த்து "கூலி வீண்" என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்.

மென்பொருள் செய்யும் வேலை

தொடக்கத்தில் இந்த வேலையைச் செய்யத் தனி கார்டு வாங்கினார்கள். பிறகு மென்பொருளே செய்யத் தொடங்கியது. 1980-களின் பிற்பகுதியில் நாவெல் நெட்வேரில் மிரரிங் வந்தது. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யின் சர்வர் பதிப்பிலும் இருந்தது. லினக்ஸில் 1990-களில் "எம்.டி." என்ற பகுதி வளர்ந்தது. 2001-இல் ஆஸ்திரேலியரான நீல் பிரவுன் "எம்.டி.ஏ.டி.எம்." என்ற கருவியை எழுதினார். இன்றும் லினக்ஸில் மென்பொருள் மிரரிங் அமைப்பவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது அதைத்தான்.

அமைப்பது கடினமே இல்லை. இரண்டு தட்டுகளில் ஒரே அளவு பகுதிகளைப் பிரிக்க வேண்டும். "இவை இரண்டும் சேர்ந்து லெவல் 1" என்று எம்.டி.ஏ.டி.எம்.-க்குச் சொன்னால், இரண்டையும் சேர்த்து "எம்.டி.0" என்று ஒரு புதுத் தட்டைக் காட்டும். உண்மையில் அப்படி ஒரு பொருள் பெட்டிக்குள் கிடையாது. பெயரளவில்தான் அது தட்டு. கோப்பு அமைப்பை அதன் மேல்தான் போட வேண்டும், தனித்தனித் தட்டுகளின் மேல் அல்ல. அதன்பின் எழுதும் ஒவ்வொன்றும் இரண்டிலும் போய்ச் சேர்ந்த பிறகே "எழுதியாயிற்று" என்று பதில் வரும். ஓலைநாயகம் பார்த்து, வரிப் பதிவேட்டில் ஏறிய பிறகே தானம் செல்லும் என்பது போல.

லினக்ஸில் ஒரு நிலவரக் கோப்பு உண்டு. நலமாக இருக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் "யூ" என்ற ஆங்கில எழுத்து அதில் தெரியும். செத்துப் போன தட்டின் இடத்தில் வெறும் அடிக்கோடு. இந்த அடிக்கோட்டை யாரும் பார்க்காமல் விடுவதுதான் உலகம் முழுக்க நடக்கும் தவறு. ஒரு தட்டு செத்தும் கணினி ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. சில மாதம் கழித்து இரண்டாவதும் சாகும்போதுதான் அழுகை. தட்டு விழுந்தவுடன் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் வசதி எம்.டி.ஏ.டி.எம்.-இலேயே இருக்கிறது. அதை அமைக்காத மிரரிங் பாதி மிரரிங்.

மறக்கும் இன்னொரு விஷயம்: கணினியைத் துவக்கும் நிரலை இரண்டு தட்டிலும் நிறுவ வேண்டும். ஒன்றில் மட்டும் நிறுவி, அந்தத் தட்டே செத்தால், தகவல் பத்திரமாக இருக்கும், கணினி எழாது.

ஏற்கெனவே தகவல் இருக்கும் பழைய தட்டோடு புதுத் தட்டைச் சேர்ப்பதற்கும் வழி உண்டு. "ஒரு தட்டு இருக்கிறது, மற்றது இப்போதைக்கு இல்லை" என்று சொல்லிப் புதுத் தட்டை மட்டும் வைத்து மிரரை உருவாக்க வேண்டும். பழையதிலிருந்து எல்லாவற்றையும் அதில் படியெடுத்து, சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். அதன் பிறகே பழைய தட்டைச் சேர்க்க வேண்டும். சேர்த்த கணமே அதில் இருந்தது அழிந்து புதியது ஏறத் தொடங்கும். வரிசையை மாற்றிச் செய்தால் வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின் மேல் படியெடுக்கப்படும். படியெடுக்காமல் ஆடிப்பெருக்கில் விட்டது போலத்தான்.

கார்டை நம்புவதைவிட மென்பொருளை நம்புவதில் ஒரு லாபமும் உண்டு. கார்டு செத்தால் பெரும்பாலும் அதே வகைக் கார்டைத் தேட வேண்டும். எம்.டி. மிரரில் உள்ள தட்டை எந்த லினக்ஸ் கணினியில் செருகினாலும் படிக்கலாம்.

எது சரியான படி?

இரண்டு படி இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

இந்தக் கேள்விக்கும் காவிரிக்கரையில் ஒரு ஆள் பதில் தேடினார். கும்பகோணத்துக்கு அருகே உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ. வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிடும் முன் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொரு ஏட்டில் வேறு சொல். பாடபேதங்களைக் குறித்துக்கொண்டு, யாப்பையும் உரையையும் பொருளையும் வைத்து எது சரி என்று முடிவு செய்தார். இரண்டு ஏடு மட்டும் இருந்து வேறு சாட்சியே இல்லை என்றால் அவராலும் முடிவு சொல்ல முடியாது.

சாதாரண மிரரிங்கின் நிலை இதுதான். மின்சாரம் திடீரென்று போகும்போது ஒரு தட்டில் புதியதும் மற்றதில் பழையதுமாக நின்றுவிடலாம். மறுபடி எழும்போது மென்பொருள் ஒன்றை எடுத்து மற்றதன் மேல் எழுதி இரண்டையும் சமமாக்கும். சமமாக்கும் என்பது உண்மை, சரியாக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு தட்டில் சத்தமில்லாமல் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இதே கதி. 2005-இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். இதற்கு ஒரு சாட்சியை ஏற்படுத்தியது. ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியே வைத்தது. எந்தப் படி அந்த எண்ணோடு பொருந்துகிறதோ அதுவே சரி. செய்யுளில் தளை தட்டினால் பாடம் பிழை என்று புலவர் கண்டுபிடிப்பது போலத்தான் இது.

அப்போதும் படித்துப் பார்த்தால்தான் பிழை தெரியும். டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு தட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு இருக்கிறது. திறக்காத அறையில்தான் கரையான் வளரும்.

கண்ணாடி காட்டாதது

கண்ணாடி முன் நின்று முகத்தில் மையைப் பூசிக்கொண்டால் பிம்பத்திலும் மை இருக்கும். மிரரிங்கும் அப்படித்தான். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு தட்டிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் புகுந்தால் இரண்டிலும் புகும்.

ஜர்னல்ஸ்பேஸ் என்று ஒரு வலைப்பதிவுத் தளம் இருந்தது. ஆறு வருடத்துக்கும் மேலாக நடந்து வந்தது. மிரர் செய்த இரண்டு தட்டுகளையே அதன் நிர்வாகிகள் காப்பு நகலாகவும் நினைத்துக்கொண்டார்கள். 2008 டிசம்பரில் தரவுத்தளம் முழுவதும் மேலெழுதப்பட்டது. கண்ணாடி தன் வேலையைச் செவ்வனே செய்தது, இரண்டிலும் எதுவும் மிஞ்சவில்லை. மீட்பு நிறுவனத்தாலும் முடியவில்லை. எத்தனையோ பேர் எழுதிய நாட்குறிப்புகள் போயின. தட்டு ஒன்றும் கெடவில்லை என்பதுதான் வேதனை.

இரண்டு தட்டும் ஒரே பெட்டியில், ஒரே மின்கம்பியில், ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை என்றால் வயதும் ஒன்றே. 1981-இல் ஓர் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அச்சு நூல்களுக்கு வேறிடத்தில் படி இருந்தது, மறுபடி வாங்க முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகள் போனவை போனவைதான். ஒரே அலமாரியில் இரண்டு படி இருந்திருந்தாலும் அந்த இரவில் பயன் இல்லை.

முடிவாக

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் தொடங்கி, இரண்டாம் சரபோஜி மன்னர் பெரிதாக வளர்த்த செல்வம் அது. அவற்றில் பல நூல்கள் பின்னால் அச்சேறி ஊர் ஊராகப் போயின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள இணையத்தில் வைத்தது. இன்று ஒரு கண்டத்தில் உள்ள எல்லாத் தட்டுகளும் செத்தாலும், அந்த நூல்கள் இன்னொரு கண்டத்தில் யாரோ ஒருவர் கணினியில் இருக்கும். சோழர் காலத்தில் வரிப் பதிவேட்டில் இருந்த அதே காவிரி நாட்டு வயல்களின் பட்டாவும் சிட்டாவும்கூட இப்போது கணினிக்கு வந்துவிட்டன. ஆகவே தட்டின் ஆயுள் என்பது கணினிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல.

மிரரிங் அவசியம். தட்டு சாகும் நாளில் வேலை நிற்காமல் காப்பது அது. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. மாறாத ஒரு படி வேறு பொருளில் வேண்டும். வேறு ஊரில் ஒன்று வேண்டும். அவ்வப்போது திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். வீட்டுக் கணினிக்கு இதன் பொருள் எளிது: பெட்டிக்குள் இரண்டு தட்டு, வாரம் ஒருமுறை தகவலை ஏற்றிவிட்டுக் கழற்றி வைக்கும் மூன்றாவது தட்டு, அது வேறொரு வீட்டில்.

திருவிடைவாய்க் கோயில் சுவரில் பதிகத்தை வெட்டிய சிற்பியின் பெயர் யாருக்கும் தெரியாது. வெட்டிய நாளில் அதற்குத் தேவையே இருந்திருக்காது, ஏடுதான் இருந்ததே. இரண்டாவது படியின் இயல்பே அதுதான். தேவைப்படும் நாள் வரும்வரை அது வீண் செலவாகத்தான் தெரியும்.